திரும்பி வரும் தூக்குச்சட்டிகள்

பேச்சித்தாய் வீட்டிலிருந்து திரும்பிய தூக்குச்சட்டி, சோறும் குழம்புமாகப் போனபோது இருந்த கனத்தைவிடக் கூடுதல் கனத்தோடு வருகிறது என்பதை முதலில் அறிந்தது ஆட்டோக்காரர் உதுமான் கனியின் வலது கைதான். ஆனால் கனி அதை யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அது பங்குனி மாதம், மண்டையைப் பிளக்கும் அந்த வெயிலில் எது கனக்கவில்லை என்று யாரால் சொல்ல முடியும், தவிரவும் அவருக்கு அன்று இன்னும் நாலைந்து தெரு பாக்கி இருந்தது.

எங்களுடையது உப்பளத்து ஊர். கிழக்கே கடல், மேற்கே உடைமரக் காடு, இரண்டுக்கும் நடுவில் கண்ணைக் கூசவைக்கும் பாத்திகள், அந்தப் பாத்திகளில் நின்று நின்று காலில் புண்ணும் கண்ணில் பூவும் விழுந்தவர்கள், விழுந்தபின் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் என்று தெருவுக்குத் தெரு சிலர் இருந்தார்கள், அவர்களுக்காகத்தான் பிடியரிசிச் சங்கம் இருந்தது. ஆதியில் அது பெயருக்கேற்ற சங்கமாகவே நடந்தது: உலையில் போட அரிசி அளக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைப்பார்கள், வாரக் கடைசியில் எல்லாப் பிடிகளும் ஒன்றாகி ஒரு மூட்டையாகி இல்லாதவர் வீட்டுக்குப் போகும். தங்கபுஷ்பம் பொறுப்புக்கு வந்த பிறகுதான், எழுந்து உட்காரவே முடியாதவளுக்கு அரிசியைக் கொடுத்தால் யார் பொங்குவார்கள் என்ற கேள்வி கேட்கப்பட்டது. அன்றிலிருந்து அரிசி சோறாக மாறியது, மூட்டை தூக்குச்சட்டியாக மாறியது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறைநாள் வந்தது.

தங்கபுஷ்பம் தனிக்கட்டை. ஐம்பதைத் தாண்டியவள், குரல் மட்டும் இருபதில் நின்றுவிட்டவள், விடிந்ததும் போனை எடுத்து இன்று யார் முறையோ அவர்களை எழுப்பி, சர்க்கரைக்காரருக்குக் கிழங்கு வைக்காதே, பல்லில்லாதவருக்குச் சோற்றைக் குழைய விடு, ரத்தக்கொதிப்புக்காரருக்கு அப்பளம் அனுப்பினாயானால் அப்புறம் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே போவாள். எந்த வீட்டில் உப்புத் தூக்கல், எந்த வீட்டில் எண்ணெய் கஞ்சத்தனம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் நம்பரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தவர்கள் உண்டு, ஆனால் சட்டியை அனுப்பாமல் இருந்தவர்கள் இல்லை.

பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், கழுவிக் கொடுக்கும்போது அதில் ஒரு துண்டு வெல்லமாவது இரண்டு பச்சைமிளகாயாவது இருக்க வேண்டும், வெறுங்கிண்ணம் திரும்பினால் கொடுத்த வீட்டு அடுப்புக்கு ஆகாது. இது இருக்கிறவர்களுக்கு மட்டுமான வழக்கம் என்று யாரும் வாங்குகிறவர்களுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே போன சட்டிகள் கறிவேப்பிலையோடு வந்தன, ஒற்றைச் செம்பருத்தியோடு வந்தன, ஒரு பிடி புளியங்கொட்டையோடு வந்தன. சட்டியைத் திரும்ப வாங்கிய வீட்டார் அவற்றைக் குப்பையில் போட்டார்களோ குழம்பில் போட்டார்களோ, திருப்பிக் கொடுத்தவர்கள் தலை நிமிர்ந்து கொடுத்தார்கள்.

பேச்சித்தாய் உப்பு வைப்பாள். உப்பு மூட்டை ஏற்றிய லாரி சரிந்து இடுப்புக்குக் கீழே நசுங்கிப்போனவள் அவள், நாற்பதுகூட ஆகவில்லை. புருஷன் கேரளத்துக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே கரைந்துவிட்டான். அவளுக்கு முத்துநகை என்று ஒரு மகள் இருந்தாள், லாரி சரிவதற்கு முந்தைய ஐப்பசியில், உப்பளத்தில் மழைத்தண்ணீர் தேங்கிய குழி ஒன்றில் விளையாடப் போய், ஏழு வயதோடு முடிந்துபோனாள். அதைப்பற்றி பேச்சித்தாய் பேசியதில்லை, அவளிடம் ஊரும் பேசியதில்லை. கையில் இருந்த உப்பெல்லாம் தீர்ந்து, சர்க்கரையும் தீர்ந்து, கட்டிலிலிருந்து எட்டுகிற தூரத்தில் ஒரு வேப்பிலைகூட இல்லாத அந்தப் பங்குனி மதியத்தில், சட்டியை எடுக்க வந்த கனி வாசலில் ஹாரன் அடிக்க, வெறுஞ்சட்டியைக் கொடுக்க மனம் வராத பேச்சித்தாய் அதை முகத்தோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மூடியை இறுக மூடிக் கொடுத்தாள்.

அந்தச் சட்டி சொர்ணலதா டீச்சர் வீட்டுச் சட்டி. கழுவுவதற்காக அவள் மூடியைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லை, துடைத்த மாதிரி இருந்தது, ஆனால் திறந்த கையோடு அவளுடைய இடுப்பிலிருந்து இரண்டு கால்களிலும் ஒரு வலி இறங்கியது, இறங்கியபடியே அவள் சமையல்கட்டுத் தரையில் சரிந்தாள். அது தன்னுடைய வலி இல்லை என்பது டீச்சருக்கு உடனே தெரிந்துவிட்டது, தன் சொந்த முட்டிவலியோடு அத்தனை வருஷம் பழகியவளுக்கு அசல் வீட்டு வலி எது என்று தெரியாமல் போகுமா. அதே நேரத்தில் அங்கே பேச்சித்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டாள், பிறகு குறட்டை விட்டுத் தூங்கினாள், அவள் குறட்டை விடுவதை அதற்குமுன் கேட்டிராத பக்கத்து வீட்டு ராக்கு, போகிற உயிர்தான் சத்தம் போடுகிறது என்று பயந்து ஓடிவந்து பார்த்தாள். மறுநாள் விடியும் நேரத்தில், மேயப்போன மாடு தன் தொழுவத்துக்குத் திரும்புவதுபோல, வலி டீச்சரை விட்டுக் கிளம்பி பேச்சித்தாயிடமே போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு எல்லாச் சட்டியும் அப்படி வரத் தொடங்கியது. இப்படிச் செய்யலாம் என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. நெசவுக்கார ரத்தினத்தின் இருமல் ஒரு சட்டியில் வந்தது. சர்க்கரையில் ஒரு பாதம் போன அந்தோணிப்பிச்சையின் உள்ளங்கால் எரிச்சல் இன்னொன்றில் வந்தது. மகன்கள் பூட்டிவிட்டுப் போன வீட்டில் தனியாக இருந்த ஒரு கிழவரின் இருட்டுப்பயம் தபாலாபீஸ் கிளார்க் வீட்டுக்குப் போய், அந்த ஆஜானுபாகு மனிதரை அன்று பட்டப்பகலில் எல்லா விளக்கையும் போடவைத்தது. சட்டியைத் திறந்தவருக்கு அது ஒரு நாள், அனுப்பியவருக்கு ஒரு நாள் விடுதலை, மறு விடியலில் அவரவர் பாரம் அவரவருக்கு.

ஊர் கூடியது. கல்யாண மண்டபத்துப் பந்தி அறையில், இலை போடாத மேசைகளின் முன்னால் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். இது எதனால் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை, எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வராததற்கே காரணம் கேட்டு ஓய்ந்துபோனவர்கள்தான் எல்லோரும். இனி என்ன செய்வது என்பதுதான் பேச்சு. சோற்றை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் தொடங்கி, சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, நிறுத்துவது முறையில்லை என்று தானே முடித்தார். சங்கத் தலைவர் பெருமாள் அண்ணாச்சி, அரிசி மண்டி வைத்திருப்பவர், நல்ல மனிதர், கன்னத்தில் கைவைத்து யோசித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தங்கபுஷ்பம் எழுந்தாள்.

"சோத்துக்கு முறை வச்சோம்லா, இதுக்கும் அதே முறைதான். நமக்கு ஒரு நாளு. அவுஹ எல்லா நாளும் தூக்குதாஹ."

ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டதில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வெட்கத்தில் தொடங்கினாலும் கொஞ்ச நாளில் அதற்கு ஒரு கெத்து வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். டீக்கடையில் ஒருவர் இருமினால், ரத்தினமா என்று கேட்பார்கள், ஆமாம் ரத்தினம்தான் என்று அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு பெருமையாகச் சொல்வார். சலூன்காரர் உள்ளங்கால் எரிச்சலோடு ஒற்றைக்காலில் நின்று முடி வெட்டினார், யாரும் அவசரப்படுத்தவில்லை. இன்று எங்கள் வீட்டில் அசல் வீட்டு வலி என்று சொன்னால் பள்ளிக்கூடத்திலும் பாங்கிலும் லீவு கிடைத்தது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் மாதா கோயிலிலும் அதைப் புண்ணியம் என்றார்கள். அவ்வளவு காலமும் பேர் தெரியாமல் கிடந்தவர்களின் பேர்கள், அவர்களுடைய வியாதிகளின் வழியாக ஊர் வாயில் புழங்கின, ரத்தினத்தைப் பார்க்க அவர் இருமலைச் சுமந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள், நெஞ்சின் எந்த இடத்தில் அடைக்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கும் முன்பே தெரியும் தெரியும் என்று தலையாட்டினார்கள். அந்த மாதங்களில் எங்கள் ஊர் கொஞ்சம் நல்ல ஊராகவே இருந்தது.

ஆனால் மனுஷ புத்தி எங்கே போகும். தலைவலி என்றால் போட்டி போட்டு வாங்கினார்கள், மூத்திரக்கடுப்பு என்றால் உறவுக்காரர் கல்யாணம் வந்துவிட்டது. எங்களுக்கு இருமலைக் கொடுத்துவிட்டு அரிப்பை மாற்றிவிடேன் என்று தங்கபுஷ்பத்திடம் போனில் பேரம் பேசினார்கள். அப்புறம் யாரோ ஒரு புத்திசாலி, சட்டியைத் திறப்பவருக்குத்தானே வலி, வீட்டுக்காரரே திறக்க வேண்டும் என்று எங்கே சொல்லியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு பெரிய வீட்டுச் சட்டிகளையெல்லாம் அங்கே பற்றுப்பாத்திரம் தேய்க்கிற லூர்தம்மாள் திறந்தாள், ஒரே மதியத்தில் ஒரு வீட்டில் இடுப்பு, அடுத்த வீட்டில் மூச்சு, அதற்கடுத்த வீட்டில் பல் என்று வாங்கிக்கொண்டு, தள்ளாடியபடி நடந்துபோனாள். மழைக்காலம் வருவதற்குள் அவள் முதுகு நிமிராமலே போய்விட்டது. தங்கபுஷ்பம் அவளையும் சோறு வாங்குகிறவர்களில் சேர்த்துக்கொண்டாள், அவளுக்குச் சோறு அதே வீடுகளிலிருந்து போனது. வயிறு எரிந்தாலும் தங்கபுஷ்பம் அந்த வீடுகளோடு சண்டை போடவில்லை, சண்டை போட்டால் சட்டி வராது.

இத்தனையிலும் ஊர் அறிய முறை வராத வீடு ஒன்று உண்டு, அது தங்கபுஷ்பத்தின் வீடு. அதை அவளேதான் முதலில் சொல்லி வைத்திருந்தாள்: நான் படுத்துவிட்டால் மறுநாள் யார் போன் பண்ணுவது, யார் சட்டிகளைப் பிரித்து அனுப்புவது. நியாயமான பேச்சுதான், யாரும் மறுத்துப் பேசவில்லை. ஊர் வலியையெல்லாம் பங்குவைத்த அந்தக் கை அதுவரை ஒரு சட்டியின் மூடியையும் திறந்ததில்லை.

ஐப்பசி வந்தது, மழை வந்தது, முத்துநகை போன நாளும் வந்தது. அன்று பேச்சித்தாய்க்குக் கால்வலி தெரியவே இல்லை, தெரிந்திருந்தால் அதை அனுப்பியிருப்பாள். வழக்கம்போல சட்டியை முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள், மூடினாள், வாசல்பக்கம் நகர்த்தி வைத்தாள். கனியால் அதைத் தூக்க முடியவில்லை. டீக்கடையிலிருந்து இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார், மூன்று பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்கி வைத்தார்கள், ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே மழையில் போய் பெருமாள் அண்ணாச்சி வீட்டு முன்னால் நின்றது. அன்று அவர்கள் வீட்டு முறை.

அண்ணாச்சி வீட்டில் எப்போதும் வீட்டுக்காரிதான் சட்டியைத் திறப்பாள், அந்த விஷயத்தில் அவர்கள் யோக்கியர்கள். ஆனால் அன்று வந்தது ஓர் ஆளுக்குள் அடங்குகிற சாமான் இல்லை, திறந்ததும் ததும்பி வழிந்து வீடு முழுக்கப் பரவியது. அண்ணாச்சியும் மனைவியும் மகன்களும் மருமகள்களும் மண்டியிலிருந்து சாப்பிட வந்த கணக்கப்பிள்ளையும் தரையில் விழுந்து அழுதார்கள். என்ன காணவில்லை என்று தெரியாமலே மருமகள்கள் கட்டிலுக்கடியில் தேடினார்கள். அண்ணாச்சி மழையில் இறங்கி, பின்வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, தான் ஒருநாளும் பார்த்திராத பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஏ முத்து... அம்மா ஏச மாட்டேன். வந்துரு முத்து."

அம்மா என்றுதான் சொன்னார், மீசை வைத்த அந்த மனிதர், சுற்றி நின்ற யாருக்கும் அதில் சிரிப்பு வரவில்லை. தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது.

அங்கே பேச்சித்தாய் அன்று பொழுதெல்லாம் லேசாக இருந்தாள். ராக்கு கொண்டுவந்த காப்பியைக் குடித்தாள், மழையை வேடிக்கை பார்த்தாள், பிறகு சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த மஞ்சள் கவுனைக் காட்டி, இது யாரு பிள்ளையோட சட்டை, இங்கே ஏன் கிடக்கு என்று கேட்டாள். ராக்கு எழுந்து போய்விட்டாள். மறுநாள் விடிந்து, போனது திரும்பி வந்து சேர்ந்தபோது, பேச்சித்தாய் மகள் செத்த அன்று அழாத அழுகையெல்லாம் அழுதாள், செத்ததற்காக இல்லை, ஒரு பகல் முழுக்கத் தன் பிள்ளையை யார் என்று கேட்டுவிட்டதற்காக.

பெருமாள் அண்ணாச்சி யாரையும் ஏசவில்லை. கண்ணெல்லாம் வீங்கி, இரண்டு நாள் மண்டிக்குப் போகாமல் இருந்துவிட்டு, சங்கத்துக்கு வந்து மெல்லிய குரலில், நம்மால் ஆகாத காரியம் இது, சோறு போடுவோம், நன்றாகவே போடுவோம், பாத்திரம் மட்டும் திரும்பி வர வேண்டாம் என்றார். சொன்னதோடு நிற்காமல் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாக்களை மூட்டை மூட்டையாக வாங்கி இறக்கிவிட்டார். சாப்பிட்டுவிட்டுத் தூரப் போட்டுவிடலாம், கழுவ வேண்டாம், சுத்தமும்கூட. போன மூச்சு ஊருக்குத் திரும்பி வந்தது. இத்தனை நாளும் இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள், வெள்ளிக்கிழமைகளில் கேசரி சேர்த்துக் கொடுக்க ஆள் வந்தார்கள், சோறு முன்பைவிடத் தாராளமாகவே போனது.

சாப்பிட்டவர்கள் பழக்கத்தை விட முடியாமல் டப்பாவிலும் தங்கள் வலியை வைத்து மூடி வாசலில் போட்டார்கள். டப்பாக்கள் குப்பைக்குப் போயின. குப்பைமேட்டு நாய்கள் இருமின, நொண்டின. டப்பாக்களைப் பிரித்துச் சாக்கில் அமுக்குகிற துப்புரவுக்காரப் பெண்கள் ஊர் வலியையெல்லாம் வெறுங்கையால் திறந்தார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே முதுகுவலியும் மூச்சுத்திணறலும் இருந்ததால் புதிதாக வந்தது எது என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்கவுமில்லை. தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தது. அவள் அண்ணாச்சியிடம் சொன்னாள், அவர் அவர்களுக்கும் சோற்று டப்பா ஏற்பாடு செய்யச் சொன்னார்.

பேச்சித்தாய் மட்டும் டப்பாவில் எதையும் வைக்கவில்லை. கொஞ்ச நாள் சாப்பிட்டு, டப்பாக்களைக் கழுவித் துடைத்துக் கட்டிலுக்கடியில் அடுக்கினாள், யாராவது திருப்பிக் கேட்பார்கள் என்று பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. பிறகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கனி வந்து சொல்ல, தங்கபுஷ்பம் ஓடினாள். கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தவளைப் பார்த்ததும் கோபம்தான் முதலில் வந்தது, மெனக்கெட்டு அனுப்புகிற சோற்றை எறும்புக்கா வைக்கிறாய் என்று சத்தம் போட்டாள். பேச்சித்தாய் சத்தம் போடவில்லை.

"சட்டிக்குச் சட்டி குடுத்து வாங்கும்போது நானும் இந்த ஊர்க்காரி அக்கா. டப்பாவுல வாங்கித் தின்னா நான் பிச்சக்காரி."

கால்வலியையாவது டப்பாவில் போட்டுத் தொலையேன், கொஞ்சம் தூங்கலாமே என்று தங்கபுஷ்பம் கேட்டதற்கு, கால்வலியைத் தனியாகப் பிரித்து வைக்க இப்போது தன்னால் முடியவில்லை, எதை வைத்தாலும் கூடவே அவளும் வந்துவிடுகிறாள் என்றாள். சொல்லிவிட்டு மஞ்சள் கவுனைப் பார்த்தாள்.

"தூரப் போடுததுக்கா எம்புள்ள?"

அன்று சாயங்காலமே தங்கபுஷ்பம் வீடு வீடாக ஏறினாள். போனில் அதட்டுகிறவள் முதல்முறையாக வாசலில் நின்று கெஞ்சினாள். ஒரே ஒரு வீட்டுச் சட்டி போதும், ஒரே ஒரு நாள், அவள் வாயில் சோறு இறங்கட்டும், அது போதும் என்றாள். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், பாவம் பேச்சி என்றார்கள். பழம் வாங்கித் தருகிறோம், புதுப் போர்வை தருகிறோம், டாக்டரைக் கூட்டிவருகிறோம் என்றார்கள். சொர்ணலதா டீச்சர் கண்ணீரே விட்டாள். ஆனால் சட்டி என்றதும் எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்துவிட்டது. கடைசி வீட்டில், ஊரையே கேட்கிறாயே, உன் வீட்டில் சட்டி இல்லையா என்று எரிச்சலில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு ஒருத்தி கேட்டாள். தங்கபுஷ்பம் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அவள் வீட்டில் சட்டி இருந்தது. கல்யாணத்துக்கு அம்மா வீட்டுச் சீராக வந்த சில்வர் தூக்குச்சட்டி, அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை, சட்டியும் அடுப்படிப் பரணை விட்டு இறங்கியதில்லை. மறுநாள் அதை இறக்கிப் புளிபோட்டுத் துலக்கி, சோற்றைக் குழைய வடித்து, மிளகுரசம் வைத்து, பருப்புத்துவையல் அரைத்தாள். ஊர்ச் சமையலுக்கெல்லாம் வாயாலேயே உப்புப் பார்த்தவளுக்குத் தன் ரசத்தில் உப்பு சரியா என்று தெரியவில்லை. ஆட்டோவுக்குச் சொல்லாமல் நடந்தே போனாள்.

பேச்சித்தாய் சட்டியைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள். தங்கபுஷ்பம் தூக்கி உட்காரவைத்து ஊட்டினாள், நாலு வாய் இறங்கியது, ஐந்தாவதைப் போதும் என்று கையால் மறித்தாள்.

"யாரு வீட்டுச் சட்டி அக்கா?"

"எங்க வீடு."

"உங்க வீட்டுக்கு முறை வராதுல்லா."

"இன்னைக்கு வந்துட்டு."

அண்ணாச்சி வீட்டில் அத்தனை பேர் இருந்தும் தாங்கவில்லையாமே, உங்கள் வீட்டில் நீங்கள் ஒரே ஆளாச்சே என்றாள் பேச்சித்தாய். ஒரு நாள்தானே பேச்சி, விடிந்தால் உன்னிடமே வந்துவிடும் என்றாள் தங்கபுஷ்பம், ஊர்க் கூட்டத்தில் பேசிய அதே தைரியத்தோடு. பேச்சித்தாய் சட்டியைக் கழுவித் தரச் சொல்லி வாங்கி, வழக்கத்தைவிட ரொம்ப நேரம் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், மூடும்போது மூடியின் விளிம்பைச் சுற்றித் தடவி, எங்கும் இடைவெளி இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"ஒத்தக் கையில தூக்கிராதிய. ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிடுங்க."

மூன்று ஆட்கள் தூக்கிய பாரத்தை ஒருத்தியாக எப்படித் தூக்கிப்போனாள் என்றால், அது அன்று அவ்வளவு கனக்கவில்லை, ஏழு வயதுப் பிள்ளை என்ன கனம் இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு, கை மாற்றி மாற்றி, உப்பளத்து ஓரமாகவே நடந்து வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள்.

எது வருமென்று பயந்திருந்தாளோ அதுதான் வந்தது, ஆனால் அதோடு மற்றதும் வந்தது. பிள்ளைக்கு இடது காதுக்குப் பின்னால் மச்சம் இருப்பது தெரிந்தது. கருப்பட்டி என்றால் உயிர், தலைக்கு ஊற்ற வந்தால் ஓட்டம், கோபம் வந்தால் பாதையில் உட்கார்ந்துகொள்வாள் என்பது தெரிந்தது. அந்தக் குழியிலிருந்து தூக்கியபோது பாவாடையிலிருந்து எவ்வளவு நேரம் தண்ணீர் வடிந்தது என்பதும் தெரிந்தது. பிள்ளை பெறாத தங்கபுஷ்பம் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, விடிய விடிய, அம்மா ஏச மாட்டேன் முத்து, அம்மா ஏச மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விடிந்தால் போய்விடும் என்பதை மட்டும் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

விடிந்தது. பாத்திகள் வெளுத்தன. உப்பு வாருகிறவர்கள் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள், பால்காரன் மணியடித்தான், வெயில் சன்னல் வழியாக இறங்கி அடுப்பு வரை வந்தது. போக வேண்டியது போகவில்லை. வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்பதற்கு முன்பே அது ஏன் போகவில்லை என்று தங்கபுஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது, திரும்பிப் போவதற்கு அங்கே யாரும் இல்லை.

கனி உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று, பேச்சி என்று தொடங்கினார். தெரியும்ண்ணே என்றாள். ராக்குதான் முதலில் பார்த்தாளாம், தூக்கத்திலேயே போய்விட்டாளாம், முகம் தெளிவாக இருக்கிறதாம். அண்ணாச்சி பந்தலிலிருந்து பாடைவரை எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார், வருகிறவர்களுக்குச் சோறுகூடச் சொல்லியாகிவிட்டது, டப்பாவில் வருகிறது. இதையெல்லாம் சொல்லிமுடித்த பிறகுதான் கனி அவள் மடியில் இருந்த சட்டியைப் பார்த்தார். எத்தனையோ சட்டிகளை ஏற்றி இறக்கிய மனிதர், ஆட்டோக்காரர் என்பதால் அவர் வீட்டையும் யாரும் முறையில் சேர்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"குடு தங்கச்சி. இன்னைக்கு எங்க வீட்டு முறைன்னு வச்சிக்கிடுவோம்."

தங்கபுஷ்பம் அந்தக் கைகளைப் பார்த்தாள். கொடுப்பதற்காகச் சட்டியை மடியிலிருந்து கொஞ்சம் தூக்கவும் செய்தாள், பிறகு மறுபடி மடியிலேயே வைத்து, முந்தானையை அதன்மேல் இழுத்துவிட்டாள்.

"சத்தம் போடாதிங்கண்ணே," என்றாள். "இப்பந்தான் தூங்குதா."